கல்யாணப் பத்திரிகையில் வினைச்சொல் தேடுவது எப்படி?

'சொல் நான்கு வகைப்படும்: பெயர், வினை, இடை, உரி.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் இதைச் சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து 'இதில் எது எந்த வகை?' என்று கேளுங்கள், விழிக்கும். தப்பு பிள்ளைமேல் இல்லை. சொல்லைத் தனியாகப் பிய்த்து எடுத்து 'நீ என்ன வகை?' என்று கேட்கத்தான் பழக்கியிருக்கிறோம். தனியாக நிற்கிற சொல் பாதி நேரம் பதில் சொல்லாது. அது வாக்கியத்தில் எந்தச் சொல்லோடு போய்ச் சேருகிறது என்று பார்த்தால்தான் பிடிபடும். இங்கே நான் சொல்லித் தரப் போவது அந்த ஒரு வேலையைத்தான்.

நான் மதுரை சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். பகல் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சாயங்காலம் செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தமிழ் எடுக்கிறேன். அந்தத் தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வாங்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். வேர்ச்சொல்லைக் கொடுத்து வினைமுற்று, வினையெச்சம், வினையாலணையும் பெயர், தொழிற்பெயர் உருவாக்கச் சொல்வது அந்தப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதனால் இது அவர்களுக்காக எழுதியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித் தருகிற அம்மா அப்பாவுக்கும் உதவும்.

முதலில் இரண்டு சோதனைகள்

'கட்டு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பூ கட்டுகிற ஊரில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. 'இரண்டு கட்டு கீரை கொடுங்கள்' என்கிறோம். 'அந்தப் பூவைக் கட்டு' என்றும் சொல்கிறோம். எழுத்து இரண்டிலும் ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் அதற்கு முன்னால் 'இரண்டு' நிற்கிறது, எண்ண முடிகிறது, எனவே பெயர். இரண்டாவதில் 'பூவை' என்ற சொல் அதைத் தேடி வருகிறது, எதிரில் இருப்பவரை அது வேலை ஏவுகிறது, எனவே வினை.

சந்தேகம் வந்தால் இரண்டு கேள்வி போதும். ஐ, ஆல், கு போன்ற வேற்றுமை உருபு ஒட்டுகிறதா? ஒட்டினால் பெயர்: கட்டைப் பிரி, கட்டுக்குப் பத்து ரூபாய். காலம் காட்டுகிறதா? காட்டினால் வினை: கட்டினாள், கட்டுகிறாள், கட்டுவாள். பெயர் காலம் காட்டாது, வினை வேற்றுமை உருபை ஏற்காது. இரண்டையும் செய்கிற ஒரு கலப்படச் சொல் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கேயே ஒரு குழப்பம் கிளம்பும். "அக்கா, 'நேற்று' காலம் காட்டுதே, அப்ப அது வினையா?" என்று கேட்பார்கள். நேற்று என்பது காலத்தின் பெயர், அவ்வளவுதான். காலம் காட்டுவது வேறு. ஒரு செயல் நடந்து முடிந்ததா, நடக்கிறதா, இனிமேல்தான் நடக்குமா என்பதைச் சொல் தன் உடம்புக்குள்ளேயே வைத்திருந்தால்தான் அது வினை. 'கட்டினாள்' என்பதற்குள் நடுவில் ஓர் 'இன்' உட்கார்ந்திருக்கிறது, இறந்தகாலத்தைக் காட்டுவது அதுதான்.

பெயரின் ஆறு வகையை மல்லிகையை வைத்தே முடித்துவிடலாம். மல்லிகை பொருட்பெயர், மதுரை இடப்பெயர், அது கொழித்துப் பூக்கிற சித்திரை காலப்பெயர், இதழ் சினைப்பெயர், வெண்மை பண்புப்பெயர், கட்டுதல் தொழிற்பெயர். (மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொது அறிவுப் பகுதியில் கேட்டால் அதையும் எழுதுங்கள்.)

வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள்

தமிழ் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில் நிற்கும். எனவே முதல் சொல்லிலிருந்து தேடி வருவது வீண்வேலை. முற்றுப்புள்ளிக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். இதற்குக் கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் பத்திரிகை முழுவதும் ஒரே வாக்கியம். எந்த அச்சகத்தில் அடித்தாலும் வாசகம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

'நிகழும் மங்களகரமான ஆண்டு தை மாதம் 10ஆம் நாள் எங்கள் மகளின் திருமணம் நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்.'

கடைசிச் சொல் 'வேண்டுகிறோம்'. வேண்டு + கிறு + ஓம். 'கிறு' நிகழ்காலம். 'ஓம்' என்ற விகுதி நாங்கள் என்று சொல்கிறது. ஆக, செயல் இருக்கிறது, காலம் இருக்கிறது, யார் என்பதும் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படாமல் பொருள் முடிந்துபோகிறது. அதுதான் வினைமுற்று. 'நாங்கள்' என்ற சொல் பத்திரிகையில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விகுதியே காட்டிக்கொடுத்துவிடுவதால் எழுவாயை எழுதத் தேவையில்லை. இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர்.

அடுத்து, எதை வேண்டுகிறோம்? 'வாழ்த்தியருள'. இது முடிந்த சொல் இல்லை. 'வாழ்த்தியருள' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், கேட்கிறவர் 'ம், அப்புறம்?' என்பார். மிச்சம் ஒரு வினை வேண்டும். இப்படி இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்பது வினையெச்சம். 'வருகை தந்து' அதே வகை. தந்து என்னவாம்? தந்து வாழ்த்தியருள. 'சூழ', 'நடைபெற' இவையும் வினையெச்சங்கள்தான்.

'இருப்பதால்' கொஞ்சம் மாறுவேடம் போட்டது. இருப்பது + ஆல். 'ஆல்' வேற்றுமை உருபு. உருபு ஒட்டுகிறது என்றால் 'இருப்பது' பெயர்த்தன்மைக்கு வந்துவிட்டது. ஆனாலும் 'நடைபெற' என்ற வினையெச்சம் அதனுள்ளே இருக்கிற 'இரு' என்ற வினையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

முதல் சொல் 'நிகழும்'. இது எதைத் தேடுகிறது? வினையை அல்ல, பெயரை. நிகழும் ஆண்டு. பெயரை எதிர்பார்த்து நிற்கிற வினை பெயரெச்சம். 'மங்களகரமான' என்பதும் ஆண்டு என்ற பெயரோடுதான் சேருகிறது.

அத்தனை பெரிய வாக்கியத்தில் முற்று ஒன்றே ஒன்று. மற்ற வினைகளெல்லாம் வடம் பிடித்து இழுக்கிற ஆட்கள், தேர் 'வேண்டுகிறோம்'தான். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளைக்கு எச்சம், முற்று இரண்டும் ஆயுசுக்கும் குழம்பாது.

யார் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்

அதே பத்திரிகையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. வருகை தருவது யார்? தாங்கள். வாழ்த்துவது யார்? அதே தாங்கள். 'தந்து' போன்ற 'செய்து' வடிவ எச்சம் வந்தால், அதைச் செய்தவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு எழுதுகிற வாக்கியங்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். 'வாசலில் கோலம் போட்டு விருந்தினர்கள் வந்தார்கள்' என்று ஒரு விழா மலரில் இருந்தது. விருந்தினர்களே கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள் என்று ஆகிவிட்டது! 'வாசலில் கோலம் போட்டிருந்தோம். விருந்தினர்கள் வந்தார்கள்' என்று இரண்டாக வெட்டினேன். மழை பெய்து பயிர் விளைந்தது என்று காரண காரியமாகச் சொல்கிற இடத்தில் இந்த விதி தளரும். மற்ற இடங்களில் கண்டிப்பாக இருங்கள்.

செய்பவர் இரண்டு பேராக இருந்தால் 'செய' வடிவ எச்சம் கைகொடுக்கும். 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து': சூழ்வது சுற்றம், வருவது தாங்கள். 'மேளம் முழங்க மாப்பிள்ளை வந்தார்': முழங்கியது மேளம், வந்தவர் மாப்பிள்ளை. 'மேளம் முழங்கி மாப்பிள்ளை வந்தார்' என்று எழுதினால் காதில் இடிக்கிறதா, இல்லையா?

பத்திரிகையின் கீழே வருகிற வரிக்கு வருவோம். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று இருக்கும். மாடியில் இதைக் கரும்பலகையில் எழுதியதும் ஒருவன் கை தூக்குவான்.

"அக்கா, விரும்பும்னு முடியுது. இது முற்றுதானே?"

"முடியலைப்பா. கீழே என்ன இருக்கு?"

"பேர் இருக்கு. தாய்மாமன், சித்தப்பா எல்லாரும்."

"அப்ப?"

"பெயரெச்சம்!"

அதேதான். விரும்பும் உற்றார் உறவினர். இடையில் வரி மாறியிருக்கிறது, எழுத்து பெரிதாகியிருக்கிறது. இலக்கணத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. அந்தச் சொல் போய்ச் சேருவது கீழே உள்ள பெயரோடு. இதனால்தான் அந்த வரிக்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்துக் கொண்டுவந்தால் நான் எடுத்துவிடுவேன்.

'உம்'மில் முடிகிற இந்த வடிவம் தேர்வில் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. 'மாட்டுத்தாவணியிலிருந்து வரும் பேருந்து இங்கே வரும்.' இரண்டு 'வரும்'. முதலாவது பேருந்து என்ற பெயரோடு சேருகிறது, பெயரெச்சம். இரண்டாவது பேருந்து என்ற எழுவாய்க்கு முடிவு சொல்கிறது, வினைமுற்று. தனியாக எடுத்துக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான்.

இடம் மாறினால் வகையும் மாறும் என்பதற்கு இன்னொரு ஜோடி: 'திருமங்கலம் பஸ் முதலில் வந்தது.' 'முதலில் வந்தது திருமங்கலம் பஸ்.' முதல் வாக்கியத்தில் 'வந்தது' முற்று. இரண்டாவதில் 'வந்தது' எழுவாயாகிவிட்டது, 'முதலில் வந்த ஒன்று' என்று பொருள். முன்னால் சொன்ன கலப்படச் சொல் இதுதான்: வினையாலணையும் பெயர். காலமும் காட்டும், வேற்றுமையும் ஏற்கும்: வந்ததை, வந்ததற்கு.

ஒரே வினையை எல்லா உருவத்திலும் நிறுத்துவது

இதற்கு மதுரைக்காரர்களுக்கு 'இறங்கு' போதும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவது பற்றி எழுதாத போஸ்டர் அந்த மாதத்தில் எங்கள் அச்சகத்தில் கிடையாது.

அழகர் ஆற்றில் இறங்கினார் என்றால் முற்று. ஆற்றில் இறங்கி அருள்பாலித்தார் என்றால் 'இறங்கி' வினையெச்சம். ஆற்றில் இறங்கிய அழகர், பெயரெச்சம். ஆற்றில் இறங்கியவரைத் தரிசித்தோம், வினையாலணையும் பெயர். ஆற்றில் இறங்குதல், தொழிற்பெயர். எச்சங்கள் இரண்டையும் பிரிக்கப் புத்தகம் வேண்டாம். 'இறங்கி' என்று சொல்லி நிறுத்தினால் காது வினைக்குக் காத்திருக்கும், 'இறங்கிய' என்று நிறுத்தினால் பெயருக்குக் காத்திருக்கும். வாயால் சொல்லிப் பாருங்கள், மனசுக்குள் படித்தால் இது வேலை செய்யாது.

தொழிற்பெயரும் வினையாலணையும் பெயரும் இன்னும் குழம்பினால், காலத்தைக் கேளுங்கள். 'இறங்குதல்' எப்போது நடந்தது? தெரியாது. யார் இறங்கினார்? அதுவும் தெரியாது. தொழிலுக்கு வைத்த வெறும் பெயர் அது. 'இறங்கியவர்' என்றால் இறங்கி முடிந்தாயிற்று, இறங்கியவர் ஒருவர், மரியாதைக்குரியவர் என்பது வரைக்கும் தெரிகிறது.

தொழிற்பெயரில் ஒரு திருட்டு வகை இருக்கிறது. விகுதி ஏதும் இல்லாமல் வினையின் முதனிலையே, அதாவது வேரே, பெயராக நிற்கும்: 'ஒரு அடி விழுந்தது.' சில வினைகளில் முதல் எழுத்து நீளும்: கெடு, கேடு ஆகும், சுடு, சூடு ஆகும், பெறு, பேறு ஆகும். தேர்வில் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று கேட்பார்கள்.

வேர்ச்சொல்லுக்கு ஒரு கட்டளை

வேர்ச்சொல் கேட்டால், எதிரில் ஒரு தம்பி நிற்பதாக நினைத்துக்கொண்டு அவனுக்கு ஏவல் கொடுங்கள். 'வந்தான்' என்பதன் வேர் 'வந்' அல்ல. தம்பியிடம் 'வந்' என்றா சொல்வீர்கள்? 'வா' என்பீர்கள். அதுதான் வேர். சென்றாள், செல். கண்டான், காண். கற்றோம், கல். தந்தார், தா. பேச்சுவழக்கில் நாம் நில்லு, கேளு, சொல்லு என்று வாலை நீட்டிச் சொல்கிறோம். எழுத்தில் நில், கேள், சொல். ஓடு, எழுது, இறங்கு என்பவற்றில் அந்த உகரம் சொல்லுக்கே சொந்தமானது, அதை வெட்டக் கூடாது. எந்த உகரம் சொந்தம், எது நீட்டிய வால் என்பதற்குச் சுருக்குவழி இல்லை, வேர்ச்சொல் பட்டியலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எதை என்று கேளுங்கள்

வினையை வாக்கியத்தில் பயன்படுத்தும்போது பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன. தானாக நடந்ததா, இன்னொன்றை நடத்தியதா என்பதில்.

அழகர் ஆற்றில் இறங்கினார். சுமைதூக்குபவர் மூட்டையை இறக்கினார். இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. இறக்கினார் என்றதும் 'எதை?' என்று கேட்கத் தோன்றும், மூட்டையை. இறங்கினார் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஓடு, ஓட்டு. திருந்து, திருத்து. உருள், உருட்டு. நட, நடத்து. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஜோடிகள்.

கண்ணுக்குத் தெரியாத ஜோடிதான் ஆபத்து. 'சேர்' என்ற வேர் ஒன்றுதான். மகன் கல்லூரியில் சேர்ந்தான், அப்பா மகனைக் கல்லூரியில் சேர்த்தார். நடுவில் ந் வந்தால் தானாக, த் வந்தால் இன்னொருவரை. நிகழ்காலத்தில் சேர்கிறான், சேர்க்கிறார். எதிர்காலத்தில் சேர்வான், சேர்ப்பார். துணி கிழிந்தது, குரங்கு துணியைக் கிழித்தது. கடை அடைந்தது என்று எழுதிக் கொண்டுவருவார்கள். கடையை அடைத்தார்கள் என்றோ கடை அடைத்திருந்தது என்றோ இருக்க வேண்டும். 'அடைந்தது' என்றால் எங்கோ போய்ச் சேர்ந்தது.

செயப்பாட்டு வினையை, அதாவது 'படு' சேர்த்து எழுதுவதைப் பற்றி என் கருத்து: தேர்வுக்குத் தெரிந்துகொள்ளுங்கள், எழுதும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 'என்னால் கடிதம் எழுதப்பட்டது' என்று நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. 'நான் கடிதம் எழுதினேன்' போதும். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில், 'இக்கட்டடம் 1971இல் திறக்கப்பட்டது' என்பது போன்ற கல்வெட்டு வாசகத்தில், அது பொருந்தும்.

வந்தாய்ங்களும் வந்தனவும்

எங்கள் ஊர்ப் பேச்சில் எல்லாரும் 'வந்தாய்ங்க', 'சொன்னாய்ங்க'. ஆண், பெண், பத்துப் பேர், இருபது பேர் என்று வித்தியாசம் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எழுத்தில் அது 'வந்தார்கள்' அல்லது 'வந்தனர்'. இதில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாறுவது அஃறிணையில். பேச்சில் ஒன்றோ பலவோ எல்லாமே 'வந்துச்சு'. அந்தப் பழக்கத்தில் எழுதினால் 'காளைகள் சீறிப் பாய்ந்தது' என்று வரும். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு போஸ்டர் வரிசை கட்டும். அதில் இந்தப் பிழை இல்லாமல் ஒன்று வந்தால் எனக்கு ஆச்சரியம். காளை பாய்ந்தது, காளைகள் பாய்ந்தன. காளை பாய்கிறது, காளைகள் பாய்கின்றன. எதிர்காலம் மட்டும் சலுகை கொடுக்கிறது: காளை பாயும், காளைகளும் பாயும்.

'இல்லை' சேர்த்தால் இன்னும் பெரிய சலுகை. நான் வரவில்லை, அவள் வரவில்லை, காளைகள் வரவில்லை. எதுவும் மாறாது. 'மாட்டேன்' அப்படியில்லை: வரமாட்டேன், வரமாட்டாள், அஃறிணைக்கு 'வராது' என்று ஆகிவிடும்.

இல்லை, அல்ல இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். 'மாப்பிள்ளை இங்கே இல்லை' என்றால் ஆளைக் காணோம். 'இவர் மாப்பிள்ளை அல்லர்' என்றால் ஆள் இருக்கிறார், மாப்பிள்ளை வேறு ஒருவர். கல்யாண வீட்டில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! மரபிலக்கணப்படி அவன் அல்லன், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. இன்றைக்குப் பொதுவாக எல்லாவற்றுக்கும் 'அல்ல' என்று எழுதிவிடுகிறார்கள், நான் சண்டைக்குப் போவதில்லை. தேர்வில் மட்டும் மரபுப்படியே எழுதுங்கள்.

'ஒவ்வொருவரும் வந்தார்கள்' தவறு, வந்தார். 'எல்லாரும்' என்றால் வந்தார்கள்.

வினையே இல்லாத வாக்கியமும் உண்டு. 'இவர் என் தாய்மாமன்.' இதில் பயனிலை பெயர்தான். இல்லாத வினையைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள். அதேபோல் 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் 'நான்' எழுவாய் என்று எழுதுகிறார்கள். நான் எழுவாயாக இருந்தால் 'பசிக்கிறேன்' என்று வந்திருக்க வேண்டுமே. பசிப்பது எனக்கு, நான்காம் வேற்றுமை. தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும் எல்லாம் இந்தக் குடும்பம்.

துணைக்கு வருகிற வினை

'அவர் வேலையை விட்டுவிட்டார்.' இதில் 'விடு' இரண்டு முறை. முதல் விடு முதல்வினை, நிஜமாகவே விட்டது. இரண்டாவது துணைவினை, செயல் முடிந்தது என்று அழுத்திச் சொல்ல வந்தது. 'பாட்டி வீட்டில் இருக்கிறார்', 'பாட்டி வந்திருக்கிறார்'. 'படம் பார்', 'இந்தக் கறிதோசையைச் சாப்பிட்டுப் பார்'. கண்ணால் பார்ப்பது முதல்வினை. சாப்பிட்டுப் பார்ப்பதற்குக் கண் வேண்டியதில்லை, நாக்கு போதும், அது துணைவினை. முதல்வினை எச்சமாக முன்னால் நிற்கும், காலமும் விகுதியும் துணைவினை மேல் ஏறும். விடு, கொள், இரு போன்ற துணைவினைகளைச் சேர்த்து எழுதுவது நல்லது. 'வாழ்த்தியருள' என்பதைப் பிரித்து, இடையில் வரியும் உடைத்தால் பத்திரிகை அசிங்கமாகிவிடும்.

சந்தியும் துப்பு கொடுக்கும்

இது பலருக்குத் தெரியாத உதவி. அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும்போது பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது: படித்த பையன், வந்த பேருந்து, இறங்கிய படி. அ, இ, ய் என்று முடிகிற வினையெச்சத்துக்குப் பின் மிகும்: நிறுத்தக் கூடாது, ஓடிப் போனான், போய்ச் சேர்ந்தான். உகரத்தில் முடிந்தால் முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். வல்லினமாக இருந்தால் மிகும்: படித்துச் சொன்னான், கேட்டுக் கொடுத்தாள். மெல்லினமோ இடையினமோ இருந்தால் மிகாது: வந்து போனான், செய்து கொடுத்தாள். பெயரெச்சத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: ஓடாத குதிரை என்றால் மிகாது, அதே பெயரெச்சம் ஈறு கெட்டு, அதாவது கடைசி 'த' போய், 'ஓடா' என்று நின்றால் மிகும்: ஓடாக் குதிரை.

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகள் 'அழகான', 'வேகமாக' இவற்றை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். 'ஆன' பெயரோடு சேரும், பெயரடை. 'ஆக' வினையோடு சேரும், வினையடை. ஒற்றும் அதையே சொல்கிறது: அழகான தேர், வேகமாகப் போ. 'நல்ல', 'பெரிய' என்பவற்றை நம் மரபு குறிப்புப் பெயரெச்சம் என்று சொல்லும். காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல் பெயரோடு சேருகிறவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடையும் உரியும் சீக்கிரம் முடிந்துவிடும். இடைச்சொல் தனியாக நிற்காது, ஒட்டிக்கொண்டு பொருளைத் திருப்பும். அவன்தான் வந்தான், அவனும் வந்தான், அவனா வந்தான், அவன் வந்தானாம். ஆளும் செயலும் மாறவில்லை, ஒட்டியிருக்கிற சின்னச் சொல் மட்டும் மாறியது. வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களே. உரிச்சொல் பெரும்பாலும் செய்யுளில் வருவது: சால, உறு, தவ, நனி, கூர், கழி. தினமும் கண்ணில் படுகிற உரிச்சொல் வேண்டுமென்றால் குப்பை வண்டியில் எழுதியிருக்கிற 'மாநகராட்சி'யைப் பாருங்கள். அந்த 'மா' பெரிய என்ற பொருள் தரும் உரிச்சொல். மாங்காயின் 'மா' மரத்தின் பெயர். இங்கேயும் பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு.

ஒரு வாக்கியம், நீங்களே பிரிக்க

'வைகையில் தண்ணீர் வருமா என்று கேட்டுக்கொண்டே காத்திருந்தவர்கள், மதகு திறந்ததும் கரைக்கு ஓடினார்கள்.'

எழுதி முடித்துவிட்டு மேலே படியுங்கள். 'ஓடினார்கள்' முற்று, அதில் சிரமம் இல்லை. 'வருமா' என்பதும் முற்றுதான்: வரும் + ஆ. ஒரு வாக்கியத்துக்கு ஒரு முற்று என்று மேலே பார்த்தோம். 'என்று' வந்தால் அதற்கு முன்னால் இன்னொரு முழு வாக்கியம் உள்ளே உட்காரலாம். 'என்று' என்பது 'என்' என்ற வேரிலிருந்து வந்த வினையெச்சம். 'கேட்டுக்கொண்டே' வினையெச்சம், 'கொள்' துணைவினை, கடைசி 'ஏ' இடைச்சொல். 'காத்திருந்தவர்கள்' வினையாலணையும் பெயர், வாக்கியத்தின் எழுவாயும் அதுவே. 'திறந்ததும்' என்பதில் 'உம்' சேர்ந்து 'திறந்த உடனே' என்று பொருள் தருகிறது. திறந்தது மதகு, ஓடியவர்கள் மக்கள், செய்பவர் வேறு வேறு என்பதால் இங்கே 'மதகு திறந்து' என்று எழுதினால் பிழை.